மூன்றாம் கட்டமும் நான்காம் கட்டமும்

அந்தப் பத்திரிகையை யாரும் படிப்பதில்லை என்று யாராவது சொன்னால் புரூஃப் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம். மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே மாதம் ஒரு முறை வரும் பத்திரிகை அது. போர்வைகளை எப்படி அடுக்குவது, ஆக்சிஜன் சிலிண்டரை எங்கே நிறுத்துவது, பார்வையாளர் நேரத்தில் வாசலில் தள்ளுமுள்ளு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது. இதையெல்லாம் சாய்ந்து உட்கார்ந்து ரசித்துப் படிக்க யாருக்கு என்ன தலையெழுத்து? நிர்வாகியின் மேசைக்குப் போகும், டீ கிளாசுக்கு அடியில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு அலமாரிக்கு ஏறிவிடும். இப்படி அலமாரி ஏறியே முப்பத்தைந்து வருடம் ஓட்டிவிட்டது. அதில் முப்பத்தொரு வருடம் அக்கா அங்கே புரூஃப் பார்த்திருக்கிறாள்.

ஆரம்பித்தவர் ஒரு மருத்துவமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அங்கே புதிதாகக் கட்டிய கட்டடத்தில் ஸ்ட்ரெச்சர் நுழைய முடியாத அகலத்தில் வாசல் வைத்துவிட்டார்கள். மனிதர் சும்மா இருந்திருக்கலாம். "வாசல் சின்னதா இருக்குங்க" என்று வாயைத் திறந்தார். வாசல் வைத்தவனை விட்டுவிட்டு, சொன்னவருக்கு மெமோ கொடுத்தார்கள். அந்த ஆத்திரத்தில் வேலையை உதறிவிட்டு, டயர் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, நாலு பக்கத்தில் முதல் இதழைப் போட்டார். முதல் கட்டுரையின் தலைப்பு 'கட்டும் முன் அளந்து பார்'. அலுவலகத்தில் அன்று அடித்த டயர் வாசனை இன்றைக்கும் அடிக்கிறது. பத்திரிகைக் கட்டைப் பிரித்தால் அதிலும் அடிக்கும்.

அக்கா சேர்ந்தது நாலாவது வருடம். ஒன்பதாவது வருடத்தில்தான் அந்தச் சனியன் நடந்தது.

குணமான நோயாளியை வீட்டுக்கு அனுப்ப ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதமாகத் தாளைக் கிறுக்கிக்கொண்டிருந்த காலம். ஸ்டோர் கீப்பர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு டிஸ்சார்ஜ் படிவம் தயாரித்தார். மொத்தம் எட்டுக் கட்டம், எட்டுக் கையெழுத்து. டாக்டரில் தொடங்கி வாசல் காவலரில் முடியும். அடியில் தடித்த எழுத்தில் ஒரு கட்டளை: மேலே உள்ள கட்டம் நிரம்பாமல் கீழே யாரும் கையெழுத்திடக் கூடாது. மூன்றாவது கட்டம் வார்டு சிஸ்டருக்கு. நான்காவது மருந்தகத்துக்கு. சிஸ்டரின் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மிச்ச மருந்தை மருந்தகம் திரும்ப வாங்க வேண்டும் என்று அந்தக் கட்டத்திலேயே எழுதியிருந்தார். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது.

அப்போதெல்லாம் கணினி கிடையாது. அச்சடித்த வரிகளை பிளேடால் நறுக்கி, பசை தடவி, அட்டையில் ஒட்டிப் பக்கம் தயாரிக்க வேண்டும். அன்று ஒட்டியவள் அக்கா. மின்விசிறிக் காற்றில் இரண்டு துண்டு பறந்தன. பொறுக்கி எடுத்து ஒட்டினாள். மருந்தகம் மேலே போய்விட்டது, வார்டு சிஸ்டர் கீழே வந்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அச்சாகி வந்த பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள். இந்தப் படிவத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் ஒருவர்கூட வீட்டுக்குப் போக முடியாது. சிஸ்டர் கையெழுத்து இல்லாமல் மருந்தகம் போடாது, மருந்தகம் போடாமல் சிஸ்டர் போடக் கூடாது. அக்கா அழாத குறையாகப் போய்ச் சொன்னாள். ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அடுத்த மாசம் திருத்தம் போட்டுடலாம், விடும்மா. இத யாரு படிக்கப் போறா?" என்றார்.

திருத்தம் போட்டார்கள். பின் அட்டையின் உள்பக்கத்தில், நாலு வரி. திருத்தங்கள் எப்போதும் அங்கேதான் வரும். அதை யாரும் படிக்கவில்லை, அதில் அவர் சொன்னது சரி. ஆனால் முப்பத்தைந்து வருடத்தில் எல்லா மருத்துவமனையும் ஒரே ஒரு பக்கத்தைப் படித்திருந்தது. அது அந்தப் படிவம். கிழித்தார்கள், ஜெராக்ஸ் எடுத்தார்கள், ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தார்கள். எழுத்து தேய்ந்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆன பிறகு புதிதாக அச்சடித்துக்கொண்டார்கள். கட்டம் மட்டும் மாறவே இல்லை.

பிறகு எப்படி நோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு இடத்திலும் விதியை மீறுகிற ஒரு நல்ல மனிதர் இருந்தார், அவ்வளவுதான்.

இனி இந்த வருடத்துக்கு வருவோம். ஸ்டோர் கீப்பர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பத்திரிகை இப்போது அவருடைய மருமகன் கையில். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'மாப்பிள்ளை'. முப்பத்தைந்தாம் ஆண்டுச் சிறப்பிதழுக்குப் பத்திரிகையின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி அக்காவின் தலையில் கட்டினார். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அந்தப் படிவத்தப் பத்தி மட்டும் ஒரு பக்கம் நல்லா எழுதிடுங்க. முன் அட்டையிலேயே அதத்தான் போடறோம்" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'நாடெங்கும் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்ட பெருமைக்குரிய படிவம்' என்று எழுதினாள். எழுதிய கை கூசியது.

இதழ் அச்சகத்துக்குப் போக வேண்டியது ஒரு சனிக்கிழமை மாலை. அதே சனிக்கிழமை காலையில்தான் அவள் கணவரை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பித்தப்பையில் கல். அறுவை முடிந்து, காய்ச்சல் கண்டு, பதினோரு நாள் ஆகிவிட்டது. முப்பது வருடம் தெருவையே பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்தால் என்ன ஆவார்? அதையும் தாங்கிக்கொண்டார். ஆனால் வியாழக்கிழமை ராத்திரி பக்கத்துக் கட்டில்காரர் இறந்துபோனார். அன்று மாலை வரை அவரோடு பஸ் ரூட் எல்லாம் பேசிக்கொண்டிருந்தவர். அதிலிருந்து டிரைவர் தூங்கவில்லை, தட்டைத் தொடவில்லை. "இன்னிக்கு என்னை எப்படியாவது கூட்டிட்டுப் போயிடு. இன்னொரு ராத்திரி இங்க என்னால முடியாது" என்றார். வாழ்க்கையில் எதற்கும் கெஞ்சாத மனிதர்.

டாக்டர் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டார். டிரைவர் ஒன்பதே காலுக்குச் சட்டை பேண்ட் போட்டு, ஷூ மாட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பரிசோதனைக்கூடத்தில் இரண்டாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு அக்கா மருந்துப் பையோடு மருந்தகத்துக்குப் போனாள்.

மருந்தகத்தில் புதிய ஆள். சின்ன வயது, இஸ்திரி கலையாத சட்டை. பழைய மருந்தாளர் தினமும் காலையில் ஐம்பது வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போவாராம். போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். பாழாய்ப்போன நேரம்.

"வார்டு சிஸ்டர் கையெழுத்து எங்க மேடம்? அதப் பாத்துட்டுத்தான் மருந்த வாங்கணும். இங்கயே எழுதியிருக்கு பாருங்க."

அக்கா வார்டுக்கு ஓடினாள். சிஸ்டர் நல்ல பெண்தான். ஆனால் தலையை ஆட்டிவிட்டாள். "மேல கட்டம் காலியா இருக்கே அக்கா. போன வாரம்தான் காலிக் கட்டத்துக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன்னு மெமோ வாங்கினேன். இன்னொண்ணு வாங்கினா சம்பள உயர்வு போச்சு. அவர மொதல்ல போடச் சொல்லுங்க."

மருந்தகம். வார்டு. மறுபடி மருந்தகம். இரண்டு மாடி, மாடிக்கு இருபத்திரண்டு படி. நாலாவது முறை ஏறும்போதுதான் அக்காவுக்கு மண்டையில் உறைத்தது. படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்றாவது கட்டம் ஒரு நூல் அளவு சாய்ந்திருந்தது. அவள் அன்று அவசரத்தில் ஒட்டிய அதே சாய்வு. அச்சடித்தவன் அதைக்கூட விடாமல் பார்த்து வரைந்திருக்கிறான், பாவி! வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்பார்கள். அக்காவின் ஓணானுக்கு இருபத்தாறு வயது.

"தம்பி, இது அச்சுல வந்த தப்பு" என்றாள் மருந்தாளரிடம். "ரெண்டு கட்டமும் மாறிப்போச்சு. ஒட்டினவளே நான்தான். என் கையாலதான் மாத்தி ஒட்டினேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து எத்தனையோ பேரின் எத்தனையோ சாக்கைக் கேட்டிருப்பார், இது புதுசு. "மேடம், இந்தப் படிவம் நிர்வாகப் பத்திரிகையில வந்தது. எங்க பயிற்சியிலேயே இதத்தான் சொல்லித் தந்தாங்க."

"அதே பத்திரிகையில அடுத்த மாசமே திருத்தமும் வந்துச்சுப்பா!"

"அப்ப அதக் கொண்டாங்க. அச்சுல இருந்தா நான் போட்டுத் தர்றேன். வாய் வார்த்தைக்குப் போட முடியாது."

நிர்வாகியைப் பார்க்கலாம் என்று போனால் அறை பூட்டியிருந்தது. டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைப்பது எப்படி என்ற கருத்தரங்குக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார் வாசலில் இருந்தவர். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஏழாவது கட்டம் பதிவேட்டு அறை. சனிக்கிழமை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். விட்டால் திங்கள் வரை டிரைவர் அதே கட்டிலில்.

கட்டிலைத் தாண்டிப் போகும்போது, "முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"இன்னும் ரெண்டே கையெழுத்துதாங்க" என்று பொய் சொல்லிவிட்டு அக்கா பஸ் பிடித்தாள்.

டயர் கடை மாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. சுவர் முழுக்க வருடம் வருடமாகத் தைத்து வைத்த தொகுதிகள். ஒன்பதாம் ஆண்டை உருவி, தும்மிக்கொண்டே புரட்டினாள். படிவம் வந்த இதழ் இருந்தது. அடுத்த மாத இதழும் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்துக்குப் பிறகு நேராக அதற்கடுத்த மாதத்தின் முதல் பக்கம் வந்தது. அட்டையைக் காணோம். ஒரு மாதத்துக்கும் அட்டை இல்லை. தைக்கும் முன் அட்டைகளைக் கிழித்துவிடுவது இங்கே வழக்கம். அலமாரியில் இடம் போதவில்லை என்று பைண்டரிடம் அப்படிச் செய்யச் சொன்னவள் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் இதே அக்காதான். இத்தனை வருடத் திருத்தங்கள் அத்தனையும் அட்டையின் உள்பக்கத்தில் வந்தன. அத்தனையும் குப்பைக்குப் போயிருந்தன.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "வந்துட்டீங்களா? வரலாறு பைனல் ஆயிடுச்சா?"

நடந்ததை எல்லாம் சொல்லி, பத்திரிகையின் தாளில் ஒரே ஒரு கடிதம் கேட்டாள். படிவத்தில் பிழை இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்தார். "என்னக்கா நீங்க? அட்டையில அந்தப் படிவம், உள்ள ஒரு பக்கம் பெருமை. இதுல நானே தப்புன்னு எழுதிக் குடுத்தா என் மானம் என்ன ஆகறது? திங்கட்கிழமை அந்த நிர்வாகிகிட்ட நானே போன்ல பேசறேன். ரெண்டு நாள்தானே?"

"ரெண்டு நாள்தானே" என்ற அந்த வார்த்தைதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. எழுந்து நேராகப் பக்க வடிவமைப்புக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பின் அட்டையின் உள்பக்கத்தில் கால் பக்கம் காலியாக, 'உங்கள் விளம்பரம் இங்கே' என்று கிடந்தது. அதை அழித்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.

'திருத்தம். நமது ஒன்பதாம் ஆண்டில் வெளியான டிஸ்சார்ஜ் படிவத்தில் மூன்றாம், நான்காம் கட்டங்கள் இடம் மாறிவிட்டன. வார்டு சிஸ்டர் முதலில், மருந்தகம் பிறகு என்றிருக்க வேண்டும். அடுத்த மாதமே வெளியிட்ட திருத்தம் யார் கண்ணிலும் படவில்லை. இதனால் இத்தனை வருடம் படி ஏறி இறங்கியவர்களிடமும், ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் காத்திருந்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஒட்டியவள் நான். தவறு என்னுடையது. புரூஃப் பார்ப்பவர்.'

மாப்பிள்ளை பின்னால் வந்து நின்று படித்தார். "என்னக்கா இது?"

"முப்பத்தொரு வருஷமா ஊர்ல இருக்கறவன் தப்பையெல்லாம் திருத்தினேன்" என்றாள் அக்கா, திரும்பாமலே. "என் தப்ப நான் திருத்தக் கூடாதா? புடிக்கலன்னா இன்னிக்கே கணக்க முடிச்சு என்னை அனுப்பிடுங்க. அதுக்காவது எட்டுக் கையெழுத்து கேக்காம அனுப்புங்க."

மாப்பிள்ளை திரையை இன்னொரு முறை படித்தார். கடைசியில் தோளைக் குலுக்கினார். "சரி, போட்டுத் தொலைங்க. உள் அட்டைதானே? யாரு படிக்கப் போறா?"

மாமனார் சொன்ன அதே வார்த்தை. பத்திரிகையோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

பக்கத்தை அச்செடுத்து, 'சரிபார்க்கப்பட்டது' முத்திரையைக் குத்திக்கொண்டு அக்கா மறுபடி பஸ் ஏறினாள். மருந்தகத்துக்கு வந்தபோது மணி இரண்டே கால். மருந்தாளர் தாளை வாங்கினார். பத்திரிகையின் பெயரைப் பார்த்தார், இதழ் எண்ணைப் பார்த்தார், வரிகளை இரண்டு முறை படித்தார்.

"அச்சுலயே வந்துடுச்சே! இது போதும் மேடம்" என்றவர், சிஸ்டரை முதலில் கையெழுத்துப் போடச் சொல்லித் தொலைபேசியில் பேசினார். மேலே போய்க் கையெழுத்து வாங்கி வந்தவளிடம் பேனாவைத் திறந்துகொண்டே, "இத யாரு எழுதினது?" என்றார்.

"நான்தான்."

"காலையில சொன்னீங்களே, அதேதானே இது?"

"அதேதான் தம்பி."

அவர் கையெழுத்துப் போட்டார். துணி அறையில் தலையணை உறை ஒன்று குறைகிறது என்று ஆரம்பித்தார்கள். அக்கா பார்த்த பார்வையில் அது உடனே கிடைத்துவிட்டது. சமையல் கூடம் ஆயிற்று. பதிவேட்டு அறைக்காரர் பூட்டைக் கையில் எடுத்திருந்தார். வாசல் காவலர் எட்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டபோது மணி மூன்று ஐந்து. வெளியே வந்ததும் டிரைவர் நடைபாதையில் நின்று, போகிற பஸ்ஸை எல்லாம் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, "பசிக்குது" என்றார். அக்கா தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள்.

இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒரு மாதம் கழித்து அதே மருத்துவமனையிலிருந்து பத்திரிகைக்குக் கடிதம் வந்தது. தங்கள் திருத்தத்தை ஏற்று, வார்டு சிஸ்டருக்கு மருந்தகத்துக்கு முன்னால் ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்துவிட்டோம், பின்னால் இருந்ததையும் எடுக்காமல் வைத்திருக்கிறோம், இப்போது ஒன்பது கையெழுத்து, முறை இன்னும் உறுதியாகிவிட்டது, நன்றி. கூடவே புதுப் படிவத்தின் மாதிரி. அக்கா அதைப் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து திருத்தத்துக்கு ஒரு திருத்தம் எழுதி உள் அட்டையில் போட்டாள். அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை.

சிறப்பிதழை வீட்டில் டிரைவர் படித்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்தப் பத்திரிகையைப் பிரித்துப் படித்தது அதுதான் முதல் தடவை. எட்டுப் பக்க வரலாற்றையும் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். ஸ்டோர் கீப்பர் இருந்தார், மாப்பிள்ளை இருந்தார், பழைய அச்சு இயந்திரம் இருந்தது, டயர் கடைகூட இருந்தது.

"இதுல நீ எங்க?" என்றார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுதியவளே அவள்தான். தன்னைச் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பத்திரிகையை வாங்கித் திருப்பி, பின் அட்டையின் உள்பக்கத்தைக் காட்டினாள். அவர் அதையும் படித்தார். ஷூ என்ற இடத்தில் விரல் நின்றது. "இது என் ஷூவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள்.

வருடக் கடைசியில் பன்னிரண்டு இதழும் பைண்டருக்குப் போக வேண்டும். எப்போதும் ஆள் மூலம் அனுப்புகிறவள் இந்த முறை தானே எடுத்துக்கொண்டு போனாள். பைண்டர் முதல் இதழை எடுத்து, பழக்க தோஷத்தில் அட்டையில் கை வைத்தார்.

"கிழிக்காதீங்க. அட்டையோட தைங்க."

"தடிமனாயிடுமேக்கா. அலமாரியில நிக்காது. கிழிச்சுட்டுத்தானே எப்பவும் தைப்போம்? எங்கப்பா காலத்துலயே உங்க ஆபீஸ்ல சொன்னாங்களாம்."

"சொன்னது நான்தான்" என்றாள் அக்கா. "தப்பாச் சொல்லிட்டேன்."

பைண்டர் அவளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு ஊசியில் நூலைக் கோத்தார். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு அட்டையும் உள்ளே போய்ப் பசை காயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.